74126 என்று அடித்திருந்த கிட்டார்

அம்மா, சதீஸ் அண்ணா, முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வியாழக்கிழமை காலை ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததாகப் பூக்கடை அக்கா சொன்னது நிஜம்தான். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் நம் வீடு. நான் வரவில்லை. வந்திருந்தால் அம்மா தோசை ஊற்றாமல் விட்டிருக்க மாட்டாய். நெல்லிவாசல் போகிற ஜீப்பும் எனக்காக நின்றிருக்காது. அன்று மதியம் முழுக்க நான் போன் எடுக்காததற்கும் காரணம் மலையில் டவர் இல்லாததுதான், வேறு எதுவும் இல்லை. நான் வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நீ சொந்தக்காரர்களிடம் நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருப்பது தெரியும். வேலை அது இல்லை. பழைய கிட்டார்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற கடை. எட்டு மாதமாக அங்கே பார்சல் கட்டுகிறேன். தமிழில் போன் வந்தால் எடுத்துப் பேசுகிறேன். கடைக்குப் பின்னால் ஒரு நீள மேஜை இருக்கிறது. அதை எல்லோரும் பெஞ்ச் என்பார்கள். கிட்டாரைத் திறந்து வேலை செய்கிறவர்கள் உட்காருகிற இடம் அது. எட்டு மாதமும் என் கண் அதன் மேல்தான்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கிட்டாரைத் திறந்து பார்த்தவர், அது என்ன மாடல், எந்த வருடம், எந்த நாட்டில் செய்தது, எந்த வழியாக வந்தது என்று ஒரு சின்னச் சீட்டில் பேனாவால் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, உள்ளே ஒயர்கள் இருக்கிற குழியில் ஒட்டி மூடிவிட வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு யாராவது திறந்தாலும் சொன்னது யார் என்று தெரியும். தப்பாக எழுதினால் அந்தத் தப்பும் பெயரோடு உள்ளேயே இருக்கும். போன வருடம் அப்படி ஒரு சீட்டு திரும்பி வந்ததாம். எழுதியவர் இப்போது கடையில் இல்லை.

போன வாரம் நெல்லிவாசல்நாட்டிலிருந்து கலையரசன் என்று ஒருவர் போன் செய்தார். மைக் செட் வைத்திருப்பவர். தன் மாமா வேடியப்பன் வீட்டில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது, விற்கலாமா என்று கேட்டு நாலு படம் அனுப்பினார். சிவப்பும் கறுப்புமாகப் பளபளப்புக் குறைந்த உடம்பு. தலையில் பெயர் இருந்த இடம் தேய்ந்து வெறும் மரமாக இருந்தது. முதுகில் கழுத்தைப் பிடித்திருக்கிற இரும்புத் தகட்டில் ஓர் எண்: 74126. யார் வைத்திருந்தது என்று கேட்டேன். பக்கத்திலிருந்த மாமாவின் குரல், "அது ஜப்பான்காரரு வாசிச்சதும்மா" என்றது. முதல் இரண்டு இலக்கம் வருடமாக இருக்கும், ஆளும் ஜப்பான்காரர், இரண்டும் சேர்ந்தால் சரியாகத்தான் வருகிறது என்று நினைத்துவிட்டேன். "ஜப்பான், எழுபத்து நாலு மாதிரி இருக்கு சார்" என்று முதலாளி பார்த்திபன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

அந்த 'மாதிரி' என்கிற சொல் அவர் காதில் விழவே இல்லை. அன்று சாயங்காலமே ஒரு வாடிக்கையாளருக்குப் படங்களை அனுப்பிவிட்டார். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவர், பழைய ஜப்பான் கிட்டாருக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்.

"நீ கண்டுபிடிச்சது, நீயே போய்ப் பாரு. உங்க ஊருப் பக்கம்தான?" என்றார் பார்த்திபன் சார். "சீட்டும் நீயே எழுது. சரியா வந்தா திங்கக்கிழமைலேர்ந்து பெஞ்சுல உக்காரு."

தப்பாக வந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரயிலில் வாணியம்பாடி வரும் வரைக்கும் நான் தூங்கவும் இல்லை.

ஜீப்பிலிருந்து நான் இறங்கிய இடத்திலேயே கலையரசன் நின்றிருந்தார். சாமைக் கொல்லை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். வீட்டுக்கூரை விட்டத்தில் ஓர் உரச்சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. எலிக்குப் பயந்து அதில்தான் கிட்டாரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேடியப்பன் ஸ்டூலில் ஏறி அவிழ்த்துக் கொடுத்தார். அறுபதை ஒட்டிய வயது, அதிகம் பேசாத முகம். பேச்சு முழுவதும் அவர் மனைவி வெள்ளையம்மாளிடம் இருந்தது.

"இத்தப் பாக்கவா பெங்களூருலேர்ந்து வந்த? யாம்மா, உங்க ஊருல வேற வேல இல்லியா?"

"வேலையே இதுதாங்க பெரிம்மா."

"பொம்பளப் புள்ளய ஒண்டியா அனுப்பிக்கீறாங்களே."

"எங்க ஊரு ஆலங்காயம்தாங்க."

"அட, ஆலங்காயமா! அப்பறம் இன்னாத்துக்கு பயந்தாப்புல கீற? ஒக்காரு. மொதல்ல கூழு குடி."

கூழ் குடித்தேன் அம்மா, நிஜமாகவே குடித்தேன். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய் வேறு. கை கழுவிவிட்டு கிட்டாரை மடியில் வைத்துத் திருப்பினேன்.

படத்தில் சின்னதாக, ஒழுங்காகத் தெரிந்த எண் நேரில் அப்படி இல்லை. 7 கொஞ்சம் உயரத்தில் இருந்தது. 4 ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 1 ஆழமாக இறங்கியிருந்தது. 6 பாதிதான் விழுந்திருந்தது. தொழிற்சாலையில் அடிக்கிற எண் எல்லாம் ஒரே வரியில், ஒரே ஆழத்தில் இருக்கும். எட்டு மாதமாக எத்தனை தகட்டைத் துடைத்துப் பார்சல் கட்டியிருக்கிறேன்! இது யாரோ ஒருத்தர் அச்சும் சுத்தியலுமாக, ஒவ்வொரு எண்ணாக அடித்தது.

பெயர் இல்லாத தலையைப் பார்த்தேன். திருகாணிகளைப் பார்த்தேன். குமிழ்களைத் திருப்பிப் பார்த்தேன். எதுவும் ஜப்பான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பையில் சீட்டு இருந்தது. பேனாவும் இருந்தது. எழுபத்து நாலு என்று எழுதினால் பார்த்திபன் சாருக்குச் சந்தோஷம், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், இவர்களுக்கும் நல்ல விலை. நான் ஏற்கெனவே சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணா, பேனா மூடியைத் திறந்தும்விட்டேன்.

"இன்னாம்மா, நம்பரையே மொறச்சிக்கினு கீற?" என்றார் கலையரசன்.

"இல்லீங்க. இது கம்பெனியில அடிச்ச மாதிரி தெரில."

அப்போதுதான் வேடியப்பன் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"கம்பெனியில எங்க அடிச்சான்? அது பாயி அடிச்சது."

"எந்த பாய்ங்க?"

"வாணியம்பாடி சைபுல்லா பாயி. தோல் மண்டியில கேட்டுல இருந்தாரே, அவுரு."

பேனாவை மூடினேன். "பெரிப்பா, இத்த நீங்க போன்லயே சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே. யாரு வாசிச்சதுன்னு கேட்ட. ஜப்பான்காரருன்னு சொன்னன்."

உடனே கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். கழுத்தைப் பிரித்தால் அடியில் தேதி இருக்கும், தகட்டுக்குப் பின்னாலும் ஏதாவது இருக்கலாம். வெள்ளையம்மாள் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"கைட்டறதா? வாங்கறதுக்கு முன்னாடியே கைட்டுவியா? திரும்பச் சேருமா சேராதா?"

"சேரும்ங்க பெரிம்மா."

"நீ இதுக்கு முன்னால எத்தினி கைட்டிக்கீற?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கடையில் மற்றவர்கள் கழற்றும்போது பக்கத்தில் நின்று திருகாணி பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். "தனியா இதான் மொத தபா" என்றேன்.

"தோ பாத்தியா!" என்று அவர் கிட்டாரை என் மடியிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

கலையரசன்தான் வழி சொன்னார். பாயிடமே கேட்டுவிடலாம், டவர் பாறை மேல் கிடைக்கும் என்றார். நாலு பேரும் பாறைக்கு ஏறினோம். வெள்ளையம்மாள் கிட்டாரை விடாமல் தூக்கிக்கொண்டே வந்தார். கலையரசன் ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு, வேடியப்பனா? உசுரோட இருக்கியாய்யா?" என்றது மறுபக்கம்.

"கீறன் பாயி. ஒரு பொண்ணு வந்துக்கீது. கிட்டாரு நம்பரு பத்தி கேக்குது."

நான் போனருகே குனிந்தேன். "வணக்கம் பாய்ங்க. ஆலங்காயம் கவியா பேசறேன். இந்தக் கிட்டாருல எழுபத்து நாலு, ஒண்ணு, இருபத்தாறுன்னு நீங்களா அடிச்சீங்க?"

"ஆமா பேட்டா. ஏன், எதாவது கேஸா?"

"கேஸெல்லாம் இல்லீங்க. எதுக்கு அடிச்சீங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வேடியப்பன் அந்தக் காலத்தில் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை கொண்டு போய் அந்த மண்டியில் போடுவாராம். தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். அங்கே மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கிட்டாரைக் கிடங்கிலேயே விட்டுப் போயிருக்கிறார். அது வருடக்கணக்கில் தோலோடு தோலாகக் கிடந்தது. வேடியப்பன் ஒருநாள் கேட்க, முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் கேட்டைத் தாண்டி எது போனாலும் லாட் நம்பர், அதாவது சரக்குக் கணக்கின் எண், அடித்திருக்க வேண்டும். அது அந்த மண்டியின் சட்டம். தோலுக்கு அடிக்கிற அதே அச்சை எடுத்து, நோட்டில் அடுத்து வந்த எண்ணை சைபுல்லா அடித்துவிட்டார்.

"ஒரு கிட்டாருக்கு லாட் நம்பரா!" என்றார் கலையரசன்.

"சைக்கிளுக்கே அடிச்சிருக்கேன் தம்பி. சட்டம்னா சட்டம்."

"பாய்ங்க, அப்ப இந்தத் தகட்டுல முன்னாடி வேற நம்பர் இல்லியா?"

"இருந்துச்சே! பொடிப் பொடியா, இங்கிலீஷ் எழுத்தோட. அதான் தகட்டைக் கழட்டித் திருப்பிப் போட்டுட்டேன்."

"திருப்பியா? ஏங்க?"

"பேட்டா, ஒரு தோல்ல ரெண்டு நம்பர் இருந்தா இன்னா அர்த்தம்? ரெண்டு லாட்டு கலந்துடுச்சுன்னு அர்த்தம். கேட்டுல நிக்க வச்சுடுவான். ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. யாருக்கும் தொந்தரவு இல்ல."

வேடியப்பன் சத்தமே இல்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. எழுபத்து நாலு என்று நான் ஊரெல்லாம் சொன்னது ஒரு மாட்டுத்தோல் கணக்கில் அடுத்து வந்த எண்.

"அந்த மெஷின்காரரு ஜப்பான்தானுங்களா?" என்று கடைசி ஆசையோடு கேட்டேன்.

"ஜப்பானோ, கொரியாவோ, தைவானோ. நாங்க எல்லாரையும் ஜப்பான்காரருன்னுதான் கூப்புடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பாரு. நல்ல மனுஷன்." பிறகு குரலை உயர்த்தினார். "வேடியப்பா, பொண்ணு கழட்டட்டும் வுடு. நானே ஒரு தபா கழட்டி மாட்டிக்கீறேன். நாலே ஸ்க்ரூதான்."

வெள்ளையம்மாள் கிட்டாரை என்னிடம் நீட்டினார். "பாயி சொல்லிட்டாரு. செய். ஆனா என் கண்ணு முன்னால செய்."

வாசலில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தேன். முதலில் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். துருப்பிடித்திருந்ததால் இரண்டு கம்பி பட் பட்டென்று அறுந்தன. வெள்ளையம்மாள் ஒவ்வொன்றுக்கும் "அய்யய்யோ" என்றார். பையில் புதுக் கம்பி செட் இருப்பதைக் காட்டிய பிறகுதான் அமைதியானார். திருகாணிகள் லேசில் அசையவில்லை. வேடியப்பன் உள்ளேயிருந்து கொஞ்சம் எண்ணெய் கொண்டு வந்து ஒவ்வொரு தலையிலும் ஒரு சொட்டு விட்டார். கால் மணி நேரம் சும்மா காத்திருந்தோம். பிறகு நாலும் வரிசையாகக் கழன்றன. வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைத்தேன். அதற்கு வெள்ளையம்மாள் காவல் இருந்தார், கோழி கொத்திவிடக் கூடாதென்று.

தகட்டைத் திருப்பினேன். லேசாகத் துரு படிந்திருந்தது. முந்தானை நுனியால் வெள்ளையம்மாளே துடைத்தார். ஒரே வரியில், ஒரே ஆழத்தில், பொடிப் பொடியான எண்கள். முதல் இரண்டும் 84. அதற்குக் கீழே இங்கிலீஷில் கொரியா என்று இருந்தது.

ஒன்றை மட்டும் நம்பி ஏற்கெனவே ஒரு முறை பட்டுவிட்டேன். கழுத்தை மெதுவாக ஆட்டி எடுத்தேன். அடிக்கட்டையில், இத்தனை வருடம் வெளிச்சமே படாத வெள்ளை மரத்தில், ஊதா மையில் ஒரு முத்திரை: 84. 11. 2. வருடம், மாதம், நாள். இரண்டும் ஒன்றையே சொல்லின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, நவம்பர், கொரியா.

"இன்னா ஊரு?" என்றார் வேடியப்பன்.

"கொரியாங்க பெரிப்பா. ஜப்பான் இல்ல. பத்து வருஷம் சின்னது. நெனச்ச வெலை வராது." கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப சதீசு கல்யாணத்துக்கு வாங்கின டிவியும் இதுவும் ஒரே ஊரு" என்றார் மனைவியிடம். அவருக்கும் ஒரு மகன் சதீஸ் இருக்கிறாராம் அண்ணா, ஓசூரில் வேலை. "வெலை கம்மியானா ஆவட்டும். கெடந்தா எலிதான் கடிக்கும். வேலை செய்யுதான்னு பாரு."

திரும்பச் சேர்த்தேன். தகட்டை எப்படிப் போடுவது என்று ஒரு நிமிடம் திகைத்தேன். கம்பெனி எண் வெளியே இருப்பதுதான் முறை. 74126 என்று அடித்திருந்த பக்கம் உள்ளே போனது. புதுக் கம்பி மாட்டி முறுக்கேற்றினேன். கலையரசன் மைக் செட் பெட்டியைத் தூக்கி வந்தார். மைக் சொருகுகிற ஓட்டையிலேயே கிட்டார் ஒயரும் சரியாக உட்கார்ந்தது. கூரை மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை அவிழ்க்க அவருக்குச் சோம்பல். அப்படியே போட்டுவிட்டார்.

நான் ஒரே ஒரு கம்பியைத்தான் மீட்டினேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும். நாய்கள் எழுந்தன. எதிர்ச் சரிவிலிருந்து ஓர் அம்மா ஓடி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"வெள்ளையம்மா! யாரு செத்தது?"

"யாரும் சாவல! கிட்டாரு!"

"கிட்டாரா? அப்ப செரி" என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மேல் பிக்கப், அதாவது கம்பிச் சத்தத்தை வாங்குகிற காந்தம், நன்றாக இருந்தது. நடுவிலிருப்பது லேசாகக் கரகரத்தது. கழுத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. எனக்கு மூன்று பாட்டின் ஆரம்பம்தான் தெரியும். மூன்றையும் வாசித்தேன். வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தபா" என்றார். வேடியப்பன் கையை நீட்டினார். மண்டியிலிருந்து கொண்டு வந்த நாளிலிருந்து அதன் சத்தத்தை அவர் கேட்டதே இல்லையாம். கட்டை விரலால் ஒரு கம்பியைத் தொட்டார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, மறுபடியும் தொட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் அவர் கிட்டாரைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு தனியாகப் பாறைக்குப் போனேன். பார்த்திபன் சாருக்குத் தகடு, முத்திரை இரண்டு படத்தையும் அனுப்பிவிட்டு, ஒரு வரி பேசி அனுப்பினேன்: "சார், நான் சொன்னது தப்பு. கொரியா, எண்பத்து நாலு. என்ன மாடல்னு தெரியல." அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பாறை மேலிருந்த நெல்லி மரத்தடியில் நின்று, ஆலங்காயத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். துணிக்கடை ஞாபகம் வந்தது. அப்போது போன் அடித்தது.

"தப்புன்னு தெரிஞ்சது எப்படி?" என்றார்.

லாட் நம்பர் கதையைச் சொன்னேன்.

"நான் வாடிக்கையாளர்கிட்ட எழுபத்து நாலுன்னு சொல்லிட்டேன் கவியா."

"நான் சொன்னதாலதான் சார் சொன்னீங்க."

"அப்ப நீயே அவர்கிட்ட பேசு. லைன்ல போடறேன்."

அம்மா, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று இருந்த அதே கவியாதான்.

"ஜப்பான்னு சொன்னீங்களே?" என்றது புதுக் குரல்.

"சொன்னேங்க. படத்தப் பாத்து சொன்னது. இப்ப கழட்டிப் பாத்துட்டேன், கொரியாங்க. எண்பத்து நாலு நவம்பர். நடு பிக்கப் கரகரங்குது. மாடல் பேரு கண்டுபிடிக்க முடியல."

"கழட்டினது நீங்களேவா?"

"ஆமாங்க."

"கழுத்து?"

"நேரா இருக்குங்க. நூல் புடிச்ச மாதிரி."

அவர் எங்கேயோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "நான் வாசிக்கத்தாங்க வாங்கறேன், அலமாரில வைக்க இல்ல. வெலையைப் பார்த்திபன்கிட்ட பேசிக்கறேன். நடு பிக்கப்பை நீங்களே சரி பண்ணி அனுப்புங்க."

அவர் வைத்த பிறகும் பார்த்திபன் சார் லைனில் இருந்தார். "கேட்டல்ல? பிக்கப்பை நீயே சரி பண்ணணுமாம். பார்சல் மேஜைல உக்காந்தா அது முடியும்? சீட்டை எழுதிக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெஞ்ச் என்கிற சொல்லை அவர் சொல்லவில்லை. நான்தான் இறங்கி வரும்போது இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பாயில் உட்கார்ந்து சீட்டை முழங்கால் மேல் வைத்தேன். நாடு கொரியா, வருடம் 1984 என்று எழுதினேன். மாடலுக்கு நேராக 'தெரியவில்லை' என்று எழுதினேன். வந்த வழி என்கிற வரிக்கு இடம் போதவில்லை. எழுத்தைப் பொடியாக்கி, மெஷின்காரர், வாணியம்பாடி தோல் மண்டி, சைபுல்லா, நெல்லிவாசல்நாடு வேடியப்பன் என்று நெருக்கி எழுதினேன்.

"இன்னா எழுதின? படி" என்றார் வெள்ளையம்மாள். படித்தேன்.

"அவுரு பேரு போட்டியே, எலி கடிக்காம சாக்குல கட்டி வச்சது யாரு? நானு."

வேடியப்பனுக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாள் என்று சேர்த்தேன். அதற்குக் கீழே, கடைசியாக மிஞ்சியிருந்த இடத்தில், பார்த்தவர் கவியா என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, ஒயர்களை ஒதுக்கி உள்ளே ஒட்டினேன். மூடியைப் போட்டுத் திருகாணிகளை முறுக்கியது நான்தான். பக்கத்தில் நின்று அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வெள்ளையம்மாள்.